இரண்டு நாப்கின் போதாத நாட்கள்

கறுப்பு நிறச் சுடிதார். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு நாப்கின். கைப்பையில் மாற்று உள்ளாடை. மெத்தையில் கறை படியாமலிருக்க நான்காக மடித்து விரித்த பழைய லுங்கி. நள்ளிரவில் எழுந்து ஒருமுறை மாற்றிக்கொள்வதற்காக அலாரம். மாதத்தில் நான்கைந்து நாட்களை இப்படித் திட்டம் போட்டுக் கடக்கும் பெண்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். விசாரித்தால், “எனக்கு எப்பவுமே இப்படித்தான். எங்கம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அதோடு பேச்சு முடிந்துவிடுவதுதான் கவலை. மருத்துவமனை வரை போவதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். வாழைப்பூவைத் தயிரில் கலந்து சாப்பிடச் சொல்வார் ஒருவர். கொத்தமல்லி விதையை ஊறவைத்துக் குடிக்கச் சொல்வார் இன்னொருவர். அசோகப் பட்டைக் கஷாயத்தை மிஞ்சிய மருந்தே இல்லை என்பார் மூன்றாமவர். இவற்றில் உண்மையிலேயே உதவுபவை உண்டு, தீங்கில்லாதவை உண்டு, காலத்தை வீணாக்கி ஆபத்தில் விடுபவையும் உண்டு. எது எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் எல்லாவற்றையும் ‘இயற்கை வைத்தியம்’ என்ற ஒரே பெயரில் விழுங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நம் அடுக்களை பெண்ணுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி, போகும் ரத்தத்தை நிறுத்துவதைவிட, போன ரத்தத்தைத் திரும்பக் கொடுப்பதில்தான் இருக்கிறது. ரத்தப்போக்கு ஏன் அதிகமாகிறது என்பதை மட்டும் கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

எவ்வளவு போனால் அதிகம்?

ஒரு மாதவிடாயில் பெரும்பாலான பெண்களுக்கு வெளியேறும் ரத்தம் 30 முதல் 40 மில்லிலிட்டர்தான். 80 மில்லிலிட்டரைத் தாண்டினால் அதிகம் என்ற கணக்கு 1966-ல் ஸ்வீடனின் கோட்டன்பர்க் நகரில் நடந்த ஆய்விலிருந்து வந்தது. பெண்கள் பயன்படுத்திய நாப்கின்களைச் சேகரித்து, அவற்றிலிருந்த ரத்தத்தைப் பிரித்து அளந்தார்கள். 80-ஐத் தாண்டியவர்களிடம் ரத்தசோகை அதிகமாக இருந்ததால் அந்த எண் பாடப்புத்தகங்களில் நிலைத்தது.

வீட்டில் யாரும் மில்லிலிட்டர் அளப்பதில்லை. அதனால் இப்போது மருத்துவர்கள் வேறு விதமாகக் கேட்கிறார்கள்: அந்த நாட்களில் உங்கள் வேலை, தூக்கம், வெளியே போவது, மனநிலை எல்லாம் கெடுகிறதா? கெடுகிறதென்றால் அது அதிக ரத்தப்போக்குதான், அளவு என்னவாக இருந்தாலும். பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுதலும் இப்படித்தான் வரையறுக்கிறது. பெண் சொல்வதையே சான்றாக ஏற்றுக்கொள்ளும் இந்த மாற்றம் மிக முக்கியமானது என்று நினைக்கிறேன்.

ஆனாலும் கையில் ஒரு கணக்கு இருந்தால் மருத்துவரிடம் பேசுவது எளிது. 1990-ல் பிரிட்டனில் உருவான ஒரு மதிப்பெண் முறை இன்றும் பயன்படுகிறது. லேசாகக் கறை பட்ட நாப்கினுக்கு 1, பாதியளவு நனைந்ததற்கு 5, முழுக்க நனைந்ததற்கு 20. சின்ன ரத்தக்கட்டிக்கு 1, பெரிய கட்டிக்கு 5. மாதவிடாய் முடியும்வரை குறித்துக் கூட்டினால் 100-ஐத் தாண்டுகிறதா? அப்படியானால் 80 மில்லிலிட்டருக்கு மேல் போயிருக்க வாய்ப்பு அதிகம். காலண்டர் தாளின் ஓரத்தில் குறித்தாலே போதும். மாதவிடாய்க் கோப்பை பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னும் சுலபம். பல கோப்பைகளில் அளவுக் கோடுகளே இருக்கின்றன. கொட்டுவதற்கு முன் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

எழுதாமலே தெரியும் அடையாளங்களும் உண்டு. ஒன்றிரண்டு மணி நேரத்துக்கொருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருப்பது, ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் போவது, ஏழு நாட்களைத் தாண்டியும் நிற்காதது. தமிழக அரசின் ‘புதுயுகம்’ திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு நாப்கின் தருகிறார்கள். மாதத்துக்கு ஒன்பது. இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று தேவைப்படும் சிறுமிக்கு அது ஒரு முழு நாளுக்குக்கூட வராது. அப்படியொரு மாணவி வகுப்பில் இருந்தால் அவளுக்குக் கூடுதல் பாக்கெட் மட்டும் கொடுத்து அனுப்பிவிடாமல், ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பிவைப்பது ஆசிரியைகள் செய்யக்கூடிய பெரிய உதவி.

‘எங்கம்மாவுக்கும் இப்படித்தான்’

சமாதானமாகச் சொல்லப்படும் இந்த வாக்கியம், நல்ல மருத்துவரின் காதில் விழுந்தால் துப்பு. அதிக ரத்தப்போக்குக்கான காரணங்களில் சில பரம்பரையாக வருபவை.

1924-ல் பால்டிக் கடலிலுள்ள ஓலாந்து தீவுக்கூட்டத்திலிருந்து ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை ஃபின்லாந்தின் ஹெல்சிங்கிக்கு அழைத்து வந்தார்கள். சின்னக் காயம் பட்டாலும் அவளுக்கு ரத்தம் நிற்பதில்லை. எரிக் ஃபான் வில்லிபிராண்ட் என்ற மருத்துவர் அவளுடைய குடும்பத்தையே ஆராய்ந்து, இதுவரை அறியப்படாத பரம்பரை ரத்தக் கோளாறு இது என்று 1926-ல் எழுதினார். அந்தச் சிறுமி 13 வயதில், தன் நான்காவது மாதவிடாயின்போது ரத்தம் நிற்காமலே இறந்துபோனாள். அந்த மருத்துவரின் பெயரால் அழைக்கப்படும் அந்தக் குறைபாடு இன்று உலகில் மிகப் பரவலான பரம்பரை ரத்த உறைவுக் குறைபாடு. லேசான வடிவில் எத்தனையோ பெண்களிடம் கண்டுபிடிக்கப்படாமலே இருக்கிறது. வயதுக்கு வந்த நாளிலிருந்தே அதிகப் போக்கு, பல் பிடுங்கினால் நெடுநேரம் ரத்தம், அடிக்கடி மூக்கில் ரத்தம், இடிபடாமலே தோலில் நீலத் திட்டு இவை சேர்ந்திருந்தால் அதற்கான பரிசோதனை அவசியம். வாழைப்பூ அங்கே எதுவும் செய்யாது; அந்தக் குறைபாட்டுக்கென்றே மருந்துகள் இருக்கின்றன.

பிற காரணங்கள் பெரும்பாலும் வயதை ஒட்டி வருகின்றன. பூப்பெய்திய முதல் இரண்டு மூன்று ஆண்டுகளிலும், மாதவிலக்கு நிற்கப்போகும் நாற்பதுகளின் நடுவிலும் மாதாமாதம் கருமுட்டை ஒழுங்காக வெளிவருவதில்லை. முட்டை வெளிவந்தால்தான் புரோஜெஸ்டிரோன் சுரக்கும். அது கருப்பையின் உள்சவ்வைக் கட்டுக்குள் வைத்திருந்து குறித்த நாளில் ஒரே சீராக உதிர்க்கும். அது சுரக்காத மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் மட்டும் வேலை செய்ய, சவ்வு தடித்துக்கொண்டே போய் ஒருநாள் தாறுமாறாக உதிரும். இரண்டு மாதம் வராமலிருந்து மூன்றாம் மாதம் கொட்டித் தீர்ப்பதற்குக் காரணம் இதுதான். ‘நீர்க்கட்டி’ என்று நாம் சொல்லும் பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கும் இதே கதை. தைராய்டு குறைவாகச் சுரப்பது இன்னொரு காரணம்.

முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் ஃபைப்ராய்டு கட்டிகள் வருகின்றன. இவை புற்றுநோய்க் கட்டிகள் அல்ல. கட்டி எவ்வளவு பெரிது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதே ரத்தப்போக்கைத் தீர்மானிக்கிறது. கருப்பையின் வெளிப்புறம் எலுமிச்சை அளவில் ஒன்று சத்தமில்லாமல் கிடக்கலாம். உட்புறம் தள்ளிக்கொண்டு நிற்கும் சுண்டைக்காய் அளவுக் கட்டி ஆளையே வெளிறச் செய்துவிடும். இவை தவிர பாலிப் எனும் சவ்வு வளர்ச்சி, கருப்பைச் சுவருக்குள்ளேயே உள்சவ்வு ஊடுருவும் அடினோமயோசிஸ், காப்பர்-டி, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் இதய மாத்திரைகள் என்று பட்டியல் நீளும். கருப்பைப் புற்றுநோய் அரிது, ஆனால் 45 வயதைத் தாண்டியவர்கள் அதை விலக்கிவிட்டுத்தான் வேறு யோசிக்க வேண்டும். மாதவிலக்கு நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு சொட்டு பட்டாலும் அந்த வாரமே பரிசோதனை. அதற்குக் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

போன ரத்தம் திரும்ப வரும் வழி

80 மில்லிலிட்டர் ரத்தத்தோடு சுமார் 35 மில்லிகிராம் இரும்பு உடலைவிட்டுப் போகிறது. நாம் சாப்பிடும் உணவிலிருந்து உடல் ஒரு நாளைக்கு உறிஞ்சிக்கொள்வது ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம். அதில் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் தோல், குடல் வழியாக எல்லோருக்கும் இயல்பாகவே தினமும் போய்விடும். மிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள், மாதக் கடைசியில் துண்டு விழும். மாதம் தவறாமல் 100, 150 மில்லிலிட்டர் இழக்கிறவருக்கு அது ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 சதவீதம். இதில் சாப்பாட்டுக் குறைவின் பங்கு எவ்வளவோ, மாதாமாதம் யாரும் கவனிக்காமல் கொட்டும் ரத்தத்தின் பங்கும் அவ்வளவு கவனத்துக்குரியது.

ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு ‘ரத்தம் நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்லிவிடுவது வழக்கம். ஹீமோகுளோபின் கையிலிருக்கும் செலவுப் பணம் என்றால், உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வங்கிச் சேமிப்பு. சேமிப்பு முழுக்கக் கரைந்த பிறகுதான் கைப்பணம் குறையத் தொடங்கும். எனவே ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்தும் ஃபெரிட்டின் 30-க்குக் கீழே போயிருந்தால் குறைபாடு தொடங்கிவிட்டது என்றே பல மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். முடி கொத்தாகக் கொட்டுவது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, காரணமில்லாத எரிச்சல் ஆகியவை இதன் அறிகுறிகள். இன்னொன்றை வெளியில் சொல்லவே வெட்கப்படுவார்கள்: பச்சரிசியை அள்ளி மெல்வது, பல்பம் கடிப்பது, திருநீற்றை வாயில் போட்டுக்கொள்வது, ஐஸ் கட்டியைத் தேடித் தேடிக் கடிப்பது. ‘கெட்ட பழக்கம்’ என்று திட்டு வாங்கும் இந்தப் பெண்களில் பலருக்கு உடலில் இரும்பு வற்றிப்போயிருக்கிறது. இரும்புச்சத்து ஏறியதும் பெரும்பாலும் அந்த ஆசை தானாகவே விலகிவிடும்.

உணவு விஷயத்தில் ஒரு பெரிய தவறான நம்பிக்கையை முதலில் உடைக்க வேண்டும். சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தத்தை ஊறவைக்காது. 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. மாதுளை முத்துகளில் அதைவிடக் குறைவு. நல்ல உணவுகள்தான், ஆனால் தினமும் ஒரு டம்ளர் மாதுளை ஜூஸ் என்று காசைக் கரைக்கும் குடும்பங்கள் அதே பணத்தில் வாங்கக்கூடியவை எத்தனையோ இருக்கின்றன. கம்பில் 100 கிராமுக்கு 6 மில்லிகிராம் அளவு இரும்பு இருக்கிறது. தீட்டிய அரிசியில் ஒன்றுகூடத் தேறாது. கொள்ளு, கறுப்பு எள், தட்டைப்பயறு, கீரை வகைகள் எல்லாம் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை. இரவெல்லாம் புளிக்கவைத்த கம்பங்கூழ், முளைகட்டிய பயறு ஆகியவற்றில் இரும்பைப் பூட்டிவைத்திருக்கும் ஃபைட்டேட் குறைந்துவிடுவதால் உடலுக்குக் கூடுதலாகச் சேரும். நம் பாட்டிமார் புளிக்கவைத்ததும் முளைகட்டியதும் ருசிக்காக மட்டும் அல்ல போலிருக்கிறது.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வழி இன்னும் குறுகியது. ஆட்டு ஈரல், சுவரொட்டி, ரத்தப் பொரியல் இவற்றிலுள்ள இரும்பை உடல் பல மடங்கு சுலபமாக எடுத்துக்கொள்கிறது. கறிக்கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் இவற்றை ‘ரத்தம் ஊறும்’ என்று பிள்ளை பெற்றவளுக்குச் சமைத்துப் போடும் வழக்கம் முழுக்க முழுக்க அறிவியல். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலைத் தவிர்ப்பது நல்லது. அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

தாவர உணவிலுள்ள இரும்புக்குத் துணை வேண்டும். கீரைக் கூட்டோடு ஒரு நெல்லிக்காய், பயறுச் சுண்டலில் பிழிந்த எலுமிச்சை, சாப்பிட்டதும் ஒரு கொய்யாத் துண்டு. வைட்டமின் சி உடனிருந்தால் உறிஞ்சப்படும் இரும்பு இரண்டு மூன்று மடங்குகூட ஆகலாம். நேர்மாறாக, சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் டீ அதில் பாதிக்கு மேல் பறித்துவிடும், காபியும் அப்படியே. டீயை விட வேண்டாம், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ தள்ளிவைத்தால் போதும். செலவில்லாத இந்த ஒரு மாற்றம், மற்ற எல்லாக் குறிப்புகளையும்விட முதலில் செய்ய வேண்டியது என்பேன். இரும்புச் சட்டியில் புளிக்குழம்போ தக்காளித் தொக்கோ வைத்தால் அந்தப் புளிப்பு, சட்டியிலிருந்தே இரும்பை இழுத்துக் குழம்பில் சேர்க்கும். நான்-ஸ்டிக் பாத்திரம் வந்ததில் அடுக்களை இழந்தது இதை.

ஆனால் ஹீமோகுளோபின் 8, 9 என்று இறங்கிவிட்ட பெண்ணைக் கீரையால் மட்டும் ஏற்றிவிட முடியாது. மாத்திரை வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வயிற்றைப் பிரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பத்து நாளில் நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. மலம் கறுப்பது இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2017-ல் இரும்புச்சத்து குறைந்த பெண்களிடம் சோதித்தபோது, தினமும் சாப்பிடுவதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலாக இரும்பு உறிஞ்சப்படுவதைக் கண்டார்கள். ஒரு மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் ‘ஹெப்சிடின்’ என்ற ஹார்மோனைச் சுரந்து ஒரு நாளைக்குக் குடலின் கதவை ஒடுக்கிவிடுகிறது. அடுத்த நாளே போடும் மாத்திரையிலிருந்து உறிஞ்சப்படுவது குறைகிறது. தினமும் ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரிடம் இதைச் சொல்லிக் கேட்கலாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதமாவது தொடர்ந்தால்தான் சேமிப்பு நிறையும். வயலில் வெறுங்காலோடு வேலை செய்கிறவர்களுக்குக் கொக்கிப்புழு இருந்தால் இத்தனையும் பாழ். பூச்சி மாத்திரை முதலில்.

ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. பெண் வயதுக்கு வந்தால் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் பச்சை முட்டையும் கொடுத்துச் சீராட்டுகிறது நம் சமூகம். அந்தச் சில நாட்களோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. ரத்தம் அதற்குப் பிறகு முப்பத்தைந்து ஆண்டுகள் போகிறது; அந்த ஆண்டுகளில் அவள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சமிருந்தால் சாப்பிடுகிறாள்.

துவர்ப்பும் அசோகும்

சித்த மருத்துவம் இந்நோயைப் ‘பெரும்பாடு’ என்கிறது. துவர்ப்புச் சுவை ரத்தப்போக்கை ஒடுக்கும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. வாழைப்பூ, அத்திப்பிஞ்சு, மாதுளம்பிஞ்சு, நாவல் எல்லாம் அந்த வரிசையில் வருபவை. வாரம் இரண்டு முறை வாழைப்பூப் பொரியலும் அத்திக்காய்க் கூட்டும் சாப்பிடுவது உடலுக்கு நல்லது, தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் கருப்பையின் ரத்தப்போக்கை வாழைப்பூ குறைக்கும் என்று நம்பத் தகுந்த பெரிய ஆய்வுகள் நிரூபிக்கவில்லை. இன்னொன்று: துவர்ப்பைத் தருவது டானின். டீயில் இரும்பைப் பறிக்கும் அதே குடும்பத்துப் பொருள்தான். எனவே துவர்ப்பான கஷாயம் குடிக்கிறவர்கள் அதை இரும்பு மாத்திரையோடும் கீரைச் சாப்பாட்டோடும் சேர்க்காமல் நேரம் பிரித்துக் குடிப்பது அறிவு.

அசோகப் பட்டை நீண்ட மரபு கொண்ட மருந்து. சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் பெண்களின் கருப்பைக் கோளாறுகளுக்கு நூற்றாண்டுகளாகப் பயன்படுகிறது. பிரச்சினை மருந்தில் அல்ல, கையில் கிடைக்கும் பட்டையில். ஆரஞ்சுச் சிவப்பில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் உண்மையான அசோக மரம் இன்று அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. சந்தையில் அசோகப் பட்டை என்று விற்கப்படுவதில் கணிசமானது நெட்டிலிங்க மரத்தின் பட்டை என்பது திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்டிருக்கிறது. பள்ளிக்கூட வாசல்களில் ஊசி போல உயர்ந்து நிற்கும் நெட்டிலிங்கத்தையே நம்மில் பலர் ‘அசோகா மரம்’ என்று அழைக்கிறோம். அதன் பட்டையைச் சீவிக் கஷாயம் வைத்துக் குடிக்கிறவர்கள் அசோகையே குடிக்கவில்லை. கடையில் கிடைக்கும் அசோகாரிஷ்டம் புளிக்கவைத்துச் செய்வது; அதில் இனிப்பும் உண்டு, இயல்பாக உண்டாகும் ஆல்கஹாலும் உண்டு. சர்க்கரை நோயாளிகள் கவனிக்க வேண்டும்.

சித்த மருந்து வேண்டும் என்கிறவர்களுக்கு நல்ல வழி இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும், மாவட்டங்களில் பல அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவுகளிலும் பட்டம் பெற்ற மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ரத்தசோகைக்குத் தரும் அன்னபேதிச் செந்தூரத்தின் மூலப்பொருளான அன்னபேதி, வேதியியலில் இரும்பு சல்பேட். சுகாதார நிலையத்தில் தரும் சத்து மாத்திரைக்குள் இருப்பதும் அதே உப்புதான். இரு மருத்துவங்களும் சந்திக்கும் இடம் அது. ஆனால் செந்தூரம், பற்பம் போன்றவற்றை முகவரி இல்லாத விற்பனையாளரிடம் வாங்கக் கூடாது. சரியாக முடிக்கப்படாத மருந்தில் ஈயமும் பாதரசமும் இருக்கலாம்.

இஞ்சிக்கு ஓரளவு சான்று இருக்கிறது. ஈரானில் உயர்நிலைப் பள்ளி மாணவிகளிடம் நடந்து 2015-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், மாதவிடாய் நாட்களில் இஞ்சி மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட ரத்தப்போக்கு கணிசமாகக் குறைந்தது. ஒரே ஒரு சிறிய ஆய்வை வைத்து முடிவு கட்ட முடியாது. என்றாலும் சுக்குக் காபி குடிப்பதால் நட்டமில்லை, வலிக்கும் இதம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் கேட்டுக்கொண்டு குடிக்கவும். வெந்தயம், கொத்தமல்லி விதை, நீர்மோர், இளநீர் எல்லாம் உடல் சோர்வுக்கு நல்லவை. ரத்தத்தை நிறுத்துபவை என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம்.

இயற்கை வழி என்று முழு நம்பிக்கையோடு நான் சொல்லக்கூடியது எடைக் குறைப்பு. உடல் பருமனோடு மாதவிலக்கு தாறுமாறாக வருகிறவர்களுக்கு இது மூலகாரணத்தையே தொடுகிறது. கொழுப்புத் திசு தானும் ஈஸ்ட்ரோஜன் உண்டாக்குகிறது. அதுதான் சவ்வைத் தடிக்கவைக்கிறது. இருக்கும் எடையில் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைந்தாலே பலருக்குக் கருமுட்டை மீண்டும் ஒழுங்காக வெளிவரத் தொடங்குகிறது. 70 கிலோ உள்ளவருக்கு அது ஐந்து கிலோ. ஒல்லியாக இருந்து ஃபைப்ராய்டால் அவதிப்படுகிறவருக்கு இந்த அறிவுரையால் பயனில்லை. அவரைப் பட்டினி போட்டு ரத்தசோகையை அதிகப்படுத்திவிடாதீர்கள்.

உடாகோ ஒகாமோட்டோவின் மாத்திரை

மருந்து என்றாலே ஹார்மோன், ஹார்மோன் என்றாலே பயம் என்று ஒதுங்குகிறவர்கள் இந்த ஜப்பானியப் பெண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். போருக்குப் பிந்தைய வறுமையில், கைக்குழந்தையை முதுகில் சுமந்துகொண்டு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர் உடாகோ ஒகாமோட்டோ. பிரசவத்தில் ரத்தம் கொட்டிப் பெண்கள் சாவதைத் தடுக்க வேண்டும் என்பது அவருடைய நோக்கம். கணவர் ஷோசுகேவுடன் சேர்ந்து 1962-ல் அவர் உலகுக்குத் தந்தது டிரானெக்சாமிக் அமிலம். உடல் கட்டும் ரத்த உறைவு சீக்கிரம் கரைந்துபோகாமல் அது பார்த்துக்கொள்கிறது. ஹார்மோன் கிடையாது, போக்கு அதிகமுள்ள சில நாட்களில் மட்டும் சாப்பிட வேண்டும். ரத்தப்போக்கை ஏறக்குறைய பாதியளவு குறைக்கும். காலில், நுரையீரலில் ரத்தம் கட்டிய வரலாறு உள்ளவர்களுக்குக் கூடாது என்பதால் மருத்துவர் எழுதித் தந்தே வாங்க வேண்டும். அவர் கனவு கண்ட பிரசவ ரத்தப்போக்கில் அது உயிர் காக்கும் என்பது 20,000 பெண்களிடம் நடந்த ஆய்வில் 2017-ல்தான் உறுதியானது. அதற்கு முந்தைய ஆண்டே அவர் இறந்துவிட்டார்.

வலிக்குச் சாப்பிடும் ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகளும் ரத்தப்போக்கை ஓரளவு குறைக்கின்றன. அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். ஆஸ்பிரின் நேர்மாறு, ரத்தத்தைக் கூட்டும். கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயில், பெரும்பாலானவர்களுக்கு ரத்தப்போக்கை முக்கால் பங்குக்கு மேல் குறைத்துவிடுகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ளேயே இருக்கலாம். லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த ஓர்மெலாக்சிஃபீன், அரசுத் திட்டத்தில் ‘சாயா’ என்ற பெயரில் கருத்தடைக்குத் தரப்படும் மாத்திரை, இதற்கும் பயன்படுகிறது.

மருந்தும் உணவும் எவ்வளவு இருந்தாலும், கழிப்பறைக்குப் போய்வர ஐந்து நிமிடம் கிடைக்காத பெண்ணுக்கு அவை எட்டாது. தமிழ்நாட்டின் நூற்பாலைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் மாதவிடாய் வலிக்கென்று பெயர் ஒட்டாத மாத்திரைகளைப் பெண்களுக்குக் கொடுத்து வேலையைத் தொடர வைத்ததை 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளிக்கொண்டுவந்தது. என்ன மாத்திரை, என்ன பக்கவிளைவு என்று யாரும் சொல்லவில்லை. எந்த மாத்திரையையும் அட்டையைப் பார்க்காமல் விழுங்காதீர்கள்.

‘கர்ப்பப்பையை எடுத்துடலாமா?’

அதே 2019-ல் மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் 82,000-க்கும் மேற்பட்டோரிடம் விசாரித்தபோது, 13,000-க்கும் மேற்பட்டோர் கருப்பையை எடுத்துவிட்டிருந்தார்கள். ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் மேஸ்திரிக்கு அபராதம் கட்ட வேண்டும். மாதாமாதம் அந்த நாட்களை இழப்பதைவிட உறுப்பையே இழப்பது மலிவு என்று அவர்கள் நினைக்க நேர்ந்தது. தேசியக் கணக்கெடுப்பில் கருப்பை நீக்கிய பெண்கள் சொன்ன காரணங்களில் முதலிடம் அதிக ரத்தப்போக்குக்கும் வலிக்கும். பலர் அப்போது நாற்பதைக்கூட எட்டாதவர்கள். இளம் வயதில் கருப்பையை எடுத்தால், சினைப்பையை விட்டுவைத்தாலும், மாதவிலக்கு நிற்பதற்குரிய மாற்றங்கள் சில ஆண்டுகள் முன்கூட்டியே வரலாம். சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் எலும்பும் இதயமும் உடனே விலை கொடுக்கத் தொடங்கும். தேவையற்ற கருப்பை நீக்கங்களைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

அறுவை சிகிச்சை தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். புற்றுநோய் உறுதியானவர்கள், எல்லா மருந்தும் தோற்றுப் பெரிய கட்டிகளோடு வாழ முடியாதவர்கள், எல்லாம் தெரிந்துகொண்டு இதுவே தனக்கு வேண்டும் என்று தீர்மானிக்கிறவர்கள். அவர்களுக்கு அது விடுதலை. மற்றவர்கள், தேதி குறிப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. என் கட்டி எந்த இடத்தில் இருக்கிறது? கட்டியை மட்டும் எடுக்க முடியுமா? தைராய்டும் ரத்த உறைவும் பார்த்தாகிவிட்டதா? டிரானெக்சாமிக் மாத்திரையோ ஹார்மோன் காயிலோ முயன்று பார்க்க ஏதும் தடை இருக்கிறதா? சினைப்பையை விட்டுவைப்பீர்களா? பதில் திருப்தியாக இல்லையென்றால், ஸ்கேன் அறிக்கையின் நகலையும் ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் வாங்கிக்கொண்டு இன்னொரு மருத்துவரைப் பாருங்கள். தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் வெளியிட்ட நோயாளிகளின் உரிமைச் சாசனத்தில் மருத்துவ ஆவணங்களைப் பெறுவதும், வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் உரிமைகளாகவே எழுதப்பட்டிருக்கின்றன.